எட்டு வாரக் கணக்கு

கோழி வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, வருடத்துக்கு எத்தனை முட்டை இடும் என்பதைத்தான். நாட்டுக்கோழியைப் பொறுத்தவரை அதற்குக் கிடைக்கும் பதில் கேட்டவரைச் சோர்வடையச் செய்யும். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டதும் அது அடையில் உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு மூன்று, மிஞ்சிப்போனால் நான்கு சுற்று. எல்லாம் சேர்ந்தால் 40 முதல் 60 முட்டை தேறும். பண்ணைக் கூண்டில் நிற்கும் வெள்ளை லெகார்ன் 300-க்கு மேல் இடுகிறது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் திரியும் கோழி காலாவதியான சரக்காகத் தோன்றும். இனத்தை மாற்று என்ற யோசனையும் தானாக வந்துவிடும். அந்த யோசனை தவறான எண்ணிலிருந்து பிறந்தது என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். புழக்கடைக் கோழி வளர்ப்பின் லாப நட்டத்தைத் தீர்மானிப்பது முட்டைகளின் எண்ணிக்கை இல்லை. பொரித்த குஞ்சுகளில் எட்டு வாரம் தாண்டி எத்தனை நிற்கின்றன என்பதுதான். அந்த எட்டு வாரத்தைக் கடத்திவிட நமக்குக் கிடைத்திருக்கும் சிறந்த ஏற்பாடு தாய்க்கோழி. அதனால் முடிந்ததை அதனிடமே விட்டுவிட்டு, அதனால் முடியாத நான்கைந்து வேலைகளை மட்டும் நாம் எடுத்துச் செய்தால், இருக்கும் கோழியிலேயே இரட்டிப்புப் பலன் காணலாம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு சுற்றில் முட்டையிட ஏறக்குறைய 15 நாள், அடை காக்க 21 நாள், குஞ்சுகளோடு திரிய 70 நாள். ஆக, ஒரு சுற்றுக்கு 106 நாள். இந்தக் கணக்கில் வருடத்துக்கு முழுதாக மூன்று சுற்றுதான் அடங்கும். சுற்றுக்கு 12 முட்டை அடை வைத்து, 10 பொரிக்கிறது என்று கொள்வோம். வருடத்துக்கு 30 குஞ்சு. கவனிப்பில்லாமல் மேயவிட்ட கிராமத்துக் கோழிகளில் பாதிக்கு மேற்பட்ட குஞ்சுகள் இரண்டு மாதத்துக்குள் போய்விடுவது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சாதாரணமாகக் காணும் நிலை. நம் கணக்கில் நூற்றுக்கு அறுபது சாவதாக வைத்தால், மிஞ்சுவது 12. இந்த 12-ஐ 24 ஆக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, அதே சாவு விகிதத்தை வைத்துக்கொண்டு இரட்டிப்பு முட்டைகளை அடை வைப்பது. அதற்கு ஆறு சுற்று வேண்டும். 106 நாள் கணக்கில் ஒரு வருடத்துக்குள் ஆறு சுற்று அடங்காது. இன்னொன்று, சாவை நூற்றுக்கு இருபதாகக் குறைப்பது. 30 குஞ்சில் 24 நிற்கும். கோழி மாறவில்லை, இனம் மாறவில்லை, ஒரு முட்டைகூடக் கூடவில்லை. பலன் மட்டும் இரண்டு மடங்கு.

ஆரம்ப வாரங்களே ஆபத்தானவை என்பதை அரசுத் திட்டங்களும் மறைமுகமாக ஒப்புக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் கிராமப்புறப் பெண்களுக்கு நாட்டுக்கோழிக் குஞ்சு வழங்கும்போது, ஒரு நாள் குஞ்சாகக் கொடுக்காமல் நான்கு வாரம் வளர்த்துக் கொடுக்கிறார்கள். அதற்கு முந்தைய நான்கு வாரத்தில் ஒரு குஞ்சு சாவதற்கான காரணங்கள் பலவாக இருந்தாலும், அவற்றை நான்கு பெயரில் அடக்கிவிடலாம்: குளிர், பசி, பருந்து, நோய். ஒவ்வொன்றையும் எடுத்து, இதில் தாய்க்கோழி எவ்வளவு தூரம் காக்கிறது, எந்த இடத்தில் அதன் கை ஓய்ந்துபோகிறது என்று பார்ப்பதே சரியான முறை. அதற்கு முன், அடையில் உட்காருவது என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால், நாட்டுக்கோழி மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டே அதுதான்: பாதி வருடம் சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அடைக்கோழி சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கூட்டில் முட்டைகள் சேரச் சேர, அவற்றின் தொடு உணர்வு வயிற்றுத் தோல் வழியாக மூளைக்குப் போகிறது. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. பாலூட்டிகளில் பால் சுரக்க உதவும் அதே ஹார்மோன்தான் இங்கே தாய்மையின் இன்னொரு வடிவத்தைத் தூண்டுகிறது. சூலகம் சுருங்குகிறது, முட்டையிடுவது நிற்கிறது. அடிவயிற்றில் இறகு உதிர்ந்து, அந்த இடத்தில் இரத்த ஓட்டம் பெருகி, தோல் வெதுவெதுப்பான ஒரு திண்டுபோல் ஆகிறது. முட்டையை நேராகத் தொடுவது அந்தத் தோல்தான். அடையைக் கலைக்க அந்தக் காலத்தில் கோழியைத் தண்ணீரில் முக்கி எடுப்பார்கள். கூட்டையும் வெதுவெதுப்பையும் பறித்தால் புரோலாக்டின் இறங்கும் என்பதே அதற்குள் இருக்கும் உண்மை. தண்ணீரில் முக்கிக் கோழியை வதைக்காமல், கூட்டிலிருந்து எடுத்து, காற்றோட்டமான கம்பித் தளக் கூண்டில் மூன்று நான்கு நாள் விட்டாலே அடை கலையும். காட்டுக்கோழியிடமிருந்து வந்த இந்தக் குணத்தைத்தான் கடந்த நூறு ஆண்டுகளில் லெகார்னிலிருந்து தேர்வு முறையால் ஒழித்துவிட்டார்கள். அடை உட்காராத கோழி தொடர்ந்து முட்டையிடும். ஆனால் அந்த முட்டையைப் பொரிக்க ஒரு இயந்திரமும், பொரித்ததை வளர்க்க ஒரு விளக்கும், அவற்றுக்குத் தடையில்லாத மின்சாரமும் தேவைப்படும். கூண்டுக்கோழி கூடுதலாக இடும் முட்டைகளுக்கான விலையில் ஒரு பகுதி மின் கட்டணத்திலும் தீவன மூட்டையிலும் ஒளிந்திருக்கிறது.

அடைக்கூடையைக் கிட்டத்தில் பார்த்தால் எவ்வளவு வேலை அங்கே நடக்கிறது என்று தெரியும். அகலமான கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, நடுவில் லேசாகக் குழித்திருப்பார்கள். மணல் வெப்பத்தைத் தாங்கி வைத்துக்கொள்ளும். குழிவு முட்டைகள் ஓரத்துக்கு உருண்டுபோகாமல் பிடிக்கும். கோழி அலகால் ஒவ்வொரு முட்டையாகத் தன் பக்கம் இழுத்துப் புரட்டுகிறது. ஓரத்து முட்டை நடுவுக்கு வருகிறது, நடுவில் இருந்தது ஓரத்துக்குப் போகிறது. ஒரு நாளில் பலமுறை இது நடக்கும். புரட்டாத முட்டையில் கரு ஓட்டின் உட்சவ்வோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். இன்குபேட்டரில் 37.5 டிகிரியைக் கடைப்பிடிக்கவும், முட்டையைத் திருப்பவும், ஈரப்பதத்தைக் காக்கவும் தனித்தனிக் கருவிகள் வேண்டும். இங்கே ஒரு கோழி அதையெல்லாம் பார்த்துக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியது சிறிது. ஏழாம் நாள் இரவில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிலந்திக் கால்கள்போல் சிவப்பு நரம்புகள் பரவியிருந்தால் கரு இருக்கிறது. தெளிவாகத் தெரிந்தால் அது கூமுட்டையாகப் போகும், அதை எடுத்துவிடலாம். தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருந்தால், கோழி இறங்கி ஏறும் நேரம் குறையும். இருபதாம் நாள் குஞ்சு முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நீட்டி முதல் மூச்சை இழுக்கிறது. அலகு நுனியிலுள்ள சிறு முள்ளால் ஓட்டைக் கொத்தத் தொடங்குகிறது. முழுதும் வெளியே வருவதற்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டுச்சோறு இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும். குஞ்சு ஓட்டோடு போராடுவதைப் பார்த்து இரக்கப்பட்டு உரித்துவிடுவது தவறு. அந்த நேரத்தில்தான் மஞ்சள் கருவும் ஓட்டுச் சவ்வின் இரத்தமும் உள்ளே போய்ச் சேருகின்றன.

இப்போது முதல் எதிரி, குளிர். முப்பது கிராம் எடையுள்ள குஞ்சுக்கு, எடையோடு ஒப்பிட்டால் உடம்பின் மேற்பரப்பு மிக அதிகம். வெப்பம் வேகமாக வெளியேறும். மேலே இருப்பது பூம்பஞ்சு மட்டுமே. நனைந்தால் அதுவும் உதவாது. தன் உடல் வெப்பத்தைத் தானே பிடித்து நிறுத்தும் திறமை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால்தான் தாயில்லாமல் வளர்க்கும்போது முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் கொடுத்து, வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லிவிடும். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாக மேய்ந்தும் படுத்தும் இருந்தால் சரியாக இருக்கிறது. விளக்கை ஏற்றி இறக்கி நாம் செய்யும் இந்தச் சரிக்கட்டலைத் தாய்க்கோழியிடம் குஞ்சுகள் தாங்களே செய்துகொள்கின்றன: குளிர்ந்தால் இறகுக்குள் நுழைகின்றன, சூடேறினால் வெளியே வருகின்றன. ஆனால் தாய்க்கும் ஒரு எல்லை உண்டு. பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் அதன் சிறகடியில் இடம் போதாது. அடைமழையில் நனைந்த தரையை அதனால் உலர்த்த முடியாது. கூரையும் உலர்ந்த தரையும் நம் பொறுப்பு.

அடுத்தது பசியும் பருந்தும். கோழிக் குஞ்சு பொரித்த அன்றே ஓடத் தெரிந்தது என்றாலும், எது தீனி, எது ஆபத்து என்பதை அது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாய் ஒரு புழுவைக் கண்டால் உடனே விழுங்காது. கொக்கொக்கென்று அடித்தொண்டையில் கூப்பிட்டு, அலகில் எடுத்து, குஞ்சின் முன் போட்டு, மறுபடி எடுத்துப் போடும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் நிக்கோல் 1990-களில் செய்த ஓர் ஆய்வு இதன் ஆழத்தைக் காட்டியது. குறிப்பிட்ட நிறத் தீவனம் சுவையற்றது என்று முன்பே பழகிய தாய்க்கோழிகள், தங்கள் குஞ்சுகள் அந்த நிறத் தீவனத்தைத் தின்பதைக் கண்டபோது, வழக்கத்தைவிட அதிகமாகக் கிளறியும் கொத்தியும் அவற்றைத் தம் பக்கம் இழுக்கப் பார்த்தன. குஞ்சு செய்வது சரியில்லை என்று கண்டு திருத்த முயலும் நடத்தை அது. ஆபத்திலும் இப்படித்தான். கோழிகள் வானத்து எதிரிக்கு ஒரு குரலும் தரை எதிரிக்கு வேறொரு குரலும் கொடுக்கின்றன என்பதைக் கிறிஸ்டோபர் எவன்ஸும் பீட்டர் மார்லரும் சோதனைகளில் காட்டினார்கள். எதிரி கண்ணில் படாமலே, குரலை மட்டும் கேட்டு, மற்றக் கோழிகள் அதற்கேற்ற முறையில் தற்காத்துக்கொண்டன. விளக்கடியில் வளர்ந்த குஞ்சுக்கு இந்தக் குரலைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. வேலி போட்ட கொட்டகையில் அது பெரிய குறையாகாது. திறந்த வெளியில் மேயவேண்டிய குஞ்சுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கொடையும் தாயிடமிருந்து வருகிறது. 1971-ல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் சால்மொனெல்லா நோய்க்கிருமி பெருமளவில் பரவியது. அதை ஆராய்ந்த எஸ்கோ நூர்மி, இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகளின் குடல் காலி வீடுபோல் இருப்பதால் எந்தக் கிருமியும் எளிதில் குடியேறுகிறது என்று கருதினார். நல்ல நிலையிலுள்ள பெரிய கோழியின் குடல் நுண்ணுயிர்களை ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது, அவை சால்மொனெல்லாவைப் பெருமளவு எதிர்த்து நின்றன. 1973-ல் வெளியான அந்த ஆய்வு, கோழி மருத்துவத்தில் ஒரு புதிய துறையையே தொடங்கிவைத்தது. பண்ணைக்காரர் புட்டியில் வாங்கித் தெளிக்கும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களை, புழக்கடைக் குஞ்சு தாயின் பின்னால் மண்ணைக் கிளறும்போதே பெற்றுக்கொள்கிறது. மஞ்சள் கரு வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்களும் குஞ்சுக்கு வந்து சேர்கின்றன. முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு அவை காவல் நிற்கும். தாய்க்கு எந்த நோயின் அனுபவம் உண்டோ, அல்லது எந்த நோய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதோ, அந்த நோய்க்கு எதிரான எதிர்ப்பொருளைத்தான் தாய் கொடுக்க முடியும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு இருக்கிறது. தாய் நல்ல நுண்ணுயிரைக் கொடுப்பதுபோலவே கெட்டதையும் கொடுக்கும். பேன், குடற்புழு, இரத்தக்கழிச்சல் எல்லாம் தாயிடமிருந்தும் வரும். தாயையும் குஞ்சையும் பிரித்ததால்தான் நவீனப் பண்ணைகள் நோய்ச் சங்கிலியை அறுத்தன. பண்ணையைப் பொறுத்தவரை இது முழுக்க உண்மை. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூரையின்கீழ் நிற்கும்போது ஒரு கிருமி நுழைந்தாலே பேரிழப்பு. புழக்கடையில் நிலைமை வேறு. தாயைப் பிரித்தாலும் குஞ்சு மேயப்போவது அதே மண்ணில்தான். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் ஐமீரியா என்ற ஒட்டுண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள். எச்சத்தில் வெளியேறும் அதன் முட்டைகள் அந்த நிமிடமே நோயைப் பரப்புவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து, ஒன்றிரண்டு நாள் முதிர்ந்த பிறகே தொற்றும் தன்மை பெறுகின்றன. குறைந்த அளவில் உடம்புக்குள் போனால் எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும். ஈரத் தரையில் பெருகி மொத்தமாகப் போனால் கொல்லும். குஞ்சுகளையும் தாயையும் பஞ்சாரத்தில் கவிழ்த்து, அந்தப் பஞ்சாரத்தைத் தினமும் வேறு இடத்துக்கு நகர்த்தும் வழக்கத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நேற்றைய எச்சம் முதிர்வதற்குள் குஞ்சுகள் புது இடத்துக்குப் போய்விடுகின்றன. பழைய இடம் வெயிலில் காய்கிறது. பருந்திடமிருந்தும் காகத்திடமிருந்தும் முதல் இரண்டு வாரம் காப்பதும் அதே மூங்கில் பின்னல்தான். தாயைப் பிரிக்கத் தேவையில்லை. தரையை உலரவைத்து, இடத்தை மாற்றிக்கொண்டிருந்தால் போதும்.

தாய்க்கோழியால் கொஞ்சமும் முடியாத இடம் ஒன்று உண்டு. அது வெள்ளைக்கழிச்சல். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ் நோய், இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட மலை நகரின் பெயரால் ராணிகேத் நோய் என்றும் அழைக்கப்படுகிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், கழுத்துத் திருகல், கால் இழுத்தல், பிறகு வரிசையாகச் சாவு. தடுப்பூசி போடாத கூட்டத்தில் கடும் வகை வைரஸ் நுழைந்தால் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். நாட்டுக்கோழிக்கு நோயே வராது என்று நம்புகிறவர்கள் பலர். அந்த நம்பிக்கைக்கு ஒரு அடிப்படை இருக்கிறது: சில ஒட்டுண்ணிகளையும் சூழல் கொடுமைகளையும் நாட்டினங்கள் நன்றாகவே தாங்குகின்றன. ஆனால் வெள்ளைக்கழிச்சலில் அந்தத் தாங்குதிறன் நிற்காது. இடையில் சில வருடம் நோய் வராமல் இருப்பதை எதிர்ப்புச் சக்தி என்று எண்ணிவிடுகிறோம்; வைரஸ் ஊருக்குள் வரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். சந்தையில் வாங்கிய ஒரு கோழியோடும், செத்த கோழியைத் தொட்ட கையோடும் அது வந்துவிடும். புதிதாக வாங்கியதை இரண்டு மூன்று வாரம் தனியே கட்டி வைப்பதும், செத்ததை ஆழப் புதைப்பதும் காசில்லாத தடுப்பு முறைகள்.

தடுப்பூசியோ காசுக்கு அடக்கமானது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நான்காம் வாரத்தில் மறுபடி, எட்டாம் வாரத்தில் இறக்கைத் தோலடியில் ஊசி: இதுதான் நம் ஊர்ப் பட்டியல். முதல் சொட்டோடு நிறுத்தக் கூடாததற்குக் காரணம், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே அதன் ஒரு பகுதியை முறித்துவிடும் என்பது. எட்டாம் வாரத்து ஊசிக்கான வைரஸ் வகை, 1940-களில் முக்தேஸ்வர் ஆய்வகத்தில் பக்குவப்படுத்தப்பட்டது. இதற்கெல்லாம் குளிர்ப்பெட்டி வேண்டும். ஒரு புட்டியில் நூறு கோழிக்கும் அதற்கு மேலும் மருந்து இருக்கும். கலக்கிய சில மணி நேரத்தில் தீர்த்துவிட வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் என்ன செய்வார் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு மூன்று பதில்கள் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு வீடுகள் சேர்ந்து ஒரு நாள் குறித்துப் போட்டுக்கொண்டால் ஒரு புட்டி ஒரு தெருவுக்கே காணும். நோய் பரவாமல் தடுக்கவும் எல்லா வீடும் சேர்ந்து போடுவதே பயன் தரும். தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் இருவாரத் தடுப்பூசி முகாம் இரண்டாவது வழி. மூன்றாவது, வெப்பம் தாங்கும் தடுப்பு மருந்துகள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்பிரோ குழு தேர்ந்தெடுத்த ஐ-2 என்ற வகை, மொசாம்பிக்கிலும் தான்சானியாவிலும் குளிர்ப்பெட்டி எட்டாத கிராமங்கள்வரை போனது. நம் ஊரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கும் குருணை வடிவ மருந்தையே உருவாக்கியிருக்கிறது. கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டியதில்லை. கொத்தித் தின்னவைத்தால் போதும்.

தாய் முழுதாகச் சமாளிக்க முடியாத இன்னொன்று புரதம். பெரிய கோழிக்குச் சோற்றுப் பருக்கை, நொய், தவிடு, பசும்புல் ஓரளவு தாங்கும். மேயும் கோழிகளின் தீனிப்பையை அறுத்துப் பார்த்த இலங்கை ஆய்வுகள், அதில் பெரும்பகுதி வீட்டு மிச்சமே என்று காட்டின. அதில் மாவுச்சத்து நிறைய, புரதம் கொஞ்சம். இறகும் தசையும் ஒரே நேரத்தில் வளர்க்க வேண்டிய குஞ்சுக்கோ தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு புரதமாக இருக்க வேண்டும். இதற்குக் கடைத் தீவனம் ஒரு வழி. முதல் நான்கு வாரத்துக்கு ஒரு குஞ்சு தின்பது அதிகமில்லை. கரையான் இன்னொரு வழி. ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல், தென்னை ஓலைத் துண்டுகளைத் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். காலையில் தூக்கினால் சாக்கின் மடிப்பெல்லாம் வெள்ளையாகக் கரையான் ஊர்ந்துகொண்டிருக்கும். தாய் கூப்பிடும் குரலே மாறிவிடும்; குஞ்சுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கொத்தும். எந்தத் தீனி வைத்தாலும் பெரிய கோழிகள் முந்திக்கொள்ளும் என்பதுதான் மீதிச் சிக்கல். குஞ்சு நுழையும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்ட கூடைக்குள் தீனியை வைத்தால் அதுவும் தீர்ந்தது.

இனத்தை மாற்றச் சொல்பவர்களின் வாதத்துக்கு இப்போது திரும்பலாம். வருடத்துக்கு 300 முட்டை என்பது கோழியின் மரபணுவில் மட்டும் இல்லை. அதன் தீவனத் தொட்டியிலும் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் உண்டு. முந்நூறு முட்டைக்கு 600 கிராம். கோழியின் எலும்புக்கூட்டில் மொத்தமாக இருப்பதைப்போல் பல மடங்கு. அன்றாடம் அளந்து வைத்த சமச்சீர்த் தீவனம் இல்லாவிட்டால் அந்தக் கோழி தன் எலும்பையே கரைத்து ஓடு கட்டும், பிறகு முட்டையை நிறுத்தும். புழக்கடை அந்த அளவுத் தீவனத்தைத் தராது. ஆனால், வீட்டுக் குழந்தைக்குத் தினமும் முட்டை வேண்டாமா என்று கேட்டால், வேண்டும். அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஐதராபாத்தின் கோழி ஆராய்ச்சி இயக்குநரகம் கிராமச் சூழலுக்கென்றே உருவாக்கிய கிராமப்பிரியா போன்றவை மிதமான தீனியிலும் நன்றாக முட்டையிடும். அதில் இரண்டு மூன்று வைத்துக்கொண்டு, அடை வேலையைச் சிறுவிடை போன்ற நாட்டுக்கோழிப் பெட்டைகளிடம் விடலாம். வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளையும் அடைக்கோழியிடம் ஒப்படைக்க முடியும். கோழியின் சொந்தக் குஞ்சுகள் பொரிக்கும் நாளில், இரவில் இருட்டில் அடியில் நுழைத்துவிட்டால், காலையில் வேற்றுமை பாராட்டாது. குஞ்சுகளும் முதல் ஓரிரு நாளில் எதைக் கண்டு மனதில் பதித்துக்கொள்கின்றனவோ அதையே தாயென்று பின்தொடரும். இரண்டு இனங்களும் ஒன்றையொன்று விரட்ட வேண்டியதில்லை, வேலையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

கடைசி மறுப்பு காலத்தைப் பற்றியது. தாய் 70 நாள் குஞ்சுகளோடு திரிவதால் அடுத்த சுற்று தள்ளிப்போகிறதே என்பார்கள். சரியான கேள்வி, இங்கே தாயின் வேலையை நாம் பாதியில் வாங்கிக்கொள்ளலாம். நான்காம் வாரத்தில் குஞ்சுக்கு இறகு மூடிவிடுகிறது. வெப்பம் தானே காக்கும். தீனி தெரியும், குரல் தெரியும், இரண்டாவது சொட்டு மருந்தும் ஆகியிருக்கும். நல்ல கொட்டகையும் தீனியும் இருந்தால் அப்போது பிரிக்கலாம். தாய் சில வாரத்தில் உடம்பு தேறி மறுபடி முட்டையிடத் தொடங்கும். சுற்று 106 நாளிலிருந்து 80 நாள் அளவுக்குச் சுருங்கும். கொட்டகையோ தீனியோ இல்லாதவர் அவசரப்பட்டுப் பிரித்தால், ஒரு சுற்றைக் கூட்டிக்கொண்டு குஞ்சுகளை இழப்பார். தாயிடம் இருந்த வேலைகளைச் செய்ய நாம் தயாரான பிறகே தாயை விடுவிக்க வேண்டும்.

புழக்கடைக் கோழி பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்ணின் சொத்து. நிலம் கணவன் பெயரில் இருக்கலாம், மாடு கடனில் வந்திருக்கலாம். கோழி விற்ற காசு மட்டும் அவள் கைக்கு வருகிறது, பள்ளிக்கூட நோட்டாகவும் மருந்துச் சீட்டாகவும் மாறுகிறது. அவளிடம் போய் உன் கோழி மட்டமானது, மாற்று என்று சொல்வதற்கு முன், அந்தக் கோழி பொரித்த 30 குஞ்சில் 18 எங்கே போயின என்று கேட்பது நம் கடமை. அதில் சில நனைந்து செத்தவை, சில பருந்துக்குப் போனவை, சில இறகு முளைக்கப் புரதம் இல்லாமல் மெலிந்தவை. ஊரில் கழிச்சல் வந்த வருடத்தில் எல்லாமே போயிருக்கும். ஒரு கூரை, ஒரு பஞ்சாரம், ஒரு பானைக் கரையான், மூன்று தடவை மருந்து ஆகிய நான்கும் அந்தப் பதினெட்டில் பன்னிரண்டைத் திருப்பித் தரக்கூடியவை. மிச்சத்தை அந்தக் கோழியே பார்த்துக்கொள்ளும்.